கிணற்றடியில் ஒதுங்கி நிற்கும் நம் பெண்கள்



நான் செய்த ஒரு தவறை உங்கள் முன் ஒப்புக்கொண்டுவிட்டு இந்தத் தலையங்கத்தைத் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மளிகை வியாபாரி ஒருவர் வந்தார். அவருடைய மகள் பி.காம். படிப்பில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்குத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். அன்றைய விதிப்படி மூன்று ஆண்டுகள். ஆடிட்டர் அலுவலகமோ பக்கத்து ஊரில் இருந்தது. "ஹஜ்ரத், அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட விதத்திலேயே அனுப்ப வேண்டும் என்ற ஆசை தெரிந்தது. தைரியமாக ஒரு வார்த்தை சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று தேடித்தான் அவர் வந்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெண் பிள்ளை... எதற்கு வம்பு பாய்? நல்ல இடம் வந்தால் முடித்து விடுங்கள்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. பைத்துல்மால் கூட்டத்தில் உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக் கொண்டிருந்தோம். கணவரின் வியாபாரம் நொடித்துவிட்டது, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு வழியில்லை என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். குடும்பத்தின் வரவு செலவைக் கட்டம் போட்டு, ஒரு ரூபாய் பிசகாமல் கூட்டிக் காட்டியிருந்தார். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'பி.காம்., முதல் வகுப்பு' என்று இருந்தது. தகப்பனார் பெயரைப் பார்த்தேன். அதே மளிகைக்காரர்!

அந்த விண்ணப்பத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன். கை கூசியது.

பத்து வீட்டுக்கு ஜகாத் கொடுத்திருக்கக்கூடிய ஒரு பெண்ணை விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்க வைத்தது எது? அவருடைய அறிவில் குறையா? இல்லை. மார்க்கம் தடுத்ததா? இல்லை. தந்தை மறுத்தாரா? அதுவும் இல்லை. கேட்ட நேரத்தில் பக்கத்தில் நின்று, "அனுப்புங்கள் பாய், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான்!

சகோதரர்களே! இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நம் பெண்கள் படிக்கிறார்களா என்ற கேள்வியை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவிட்டோம். படித்த பெண்ணுக்கு யார் துணை என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

மத்யன் நகரத்துக் கிணறு

மூஸா (அலை) அவர்கள் ஊரைவிட்டு வெளியேறி, களைத்துப்போய் மத்யன் நகரின் நீர்நிலைக்கு வந்து சேர்ந்த நிகழ்ச்சியைக் குர்ஆன் சொல்கிறது (28:23, 24). மேய்ப்பர்கள் கூட்டமாக நின்று தங்கள் கால்நடைகளுக்கு நீர் இறைத்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்கள் விசாரித்தார்கள். ஆண்கள் விலகிப் போகும்வரை எங்களால் நீர் புகட்ட முடியாது, எங்கள் தந்தையோ முதியவர் என்று அந்தப் பெண்கள் விளக்கினார்கள்.

மூஸா (அலை) அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெண்களாகிய நீங்கள் ஏன் வெளியே வந்தீர்கள் என்று அதட்டவில்லை. வீட்டுக்குப் போங்கள் என்று உபதேசமும் செய்யவில்லை. அவர்களுடைய ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, நிழலைப் பார்த்து ஒதுங்கிப் போய்விட்டார்கள். நன்றியை எதிர்பார்த்துக்கூட அங்கே நிற்கவில்லை.

"அவர்கள் நிர்ப்பந்தத்தினால் அல்லவா வந்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். மதரஸாவில் ஓதிய நானும் அப்படிக் கேட்டவன்தான். நிர்ப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிர்ப்பந்தம் இன்று எத்தனை வீடுகளில் இல்லை? முதிய தந்தை இல்லாத தெரு எது? இளம் வயதில் கணவனை இழந்தவர்கள், தலாக் சொல்லி விடப்பட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோனவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று ஜமாஅத் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

இன்னொரு செய்தியும் உண்டு. ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னை தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தபோது, தம்முடைய பேரீச்சை மரங்களில் கனி பறிக்கப் போக விரும்பினார். ஒரு மனிதர் தடுத்துக் கண்டித்தார். அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடமே சென்று கேட்டார். நபியவர்கள் போய்ப் பறிக்கும்படி அனுமதித்தார்கள். அதிலிருந்து அவர் தர்மம் செய்யக்கூடும், நன்மை செய்யக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. அங்கே ஒருவர் வழியை மறித்தார், ஒருவர் வழியைத் திறந்துவிட்டார். அன்று அந்த மளிகைக்காரர் என்னிடம் வந்தபோது நான் யாருடைய இடத்தில் நின்றேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பீடிக்கு யாரும் தடை சொன்னதில்லை!

நம் பெண்கள் என்றைக்கு உழைக்காமல் இருந்தார்கள்? மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். பத்தமடையில் கோரையை நார் நாராகக் கிழித்து, பட்டுப் போன்ற பாய் நெய்தவர்கள் நம் பெண்கள். அந்தப் பாயின் புகழ் நாடு கடந்து போனது. நெய்த பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

பீடி சுற்றக்கூடாது என்று எந்தப் பள்ளிவாசலிலாவது பயான் நடந்திருக்கிறதா? நான் கேட்டதில்லை. முதுகு வளைந்து, நெஞ்சில் புகையிலைத் தூசி சேர்ந்து, கமிஷன்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு உழைத்தபோது நம் யாருக்கும் மார்க்கம் நினைவுக்கு வரவில்லை. அதே வீட்டுப் பெண் பட்டம் வாங்கி, மதிப்பான ஒரு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னவுடன்தான் நமக்கு ஆயிரம் சந்தேகங்கள் எழுகின்றன. இது மார்க்கப் பற்றா, அல்லது பெண் உயர்ந்துவிடக்கூடாது என்ற நம் மனக்கோணலா? நெஞ்சில் கைவைத்துச் சிந்தியுங்கள்.

2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கை நாம் எல்லாரும் மேடையில் எடுத்துப் பேசும் அறிக்கை. இட ஒதுக்கீடு கேட்கும்போது அதன் பக்கங்களைப் புரட்டுகிறோம். வேலையில் முஸ்லிம் பெண்களின் பங்கு மிகக் குறைவு என்றும், உழைப்பவர்களிலும் பெரும்பகுதி வீட்டுக்குள் இருந்தே சிறு கூலிக்கு உழைக்கிறார்கள் என்றும் அதே அறிக்கைதான் சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டாமல் விடுகிறோம்? அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியதை யாரிடம் போய்க் கேட்பது?

பத்தனம்திட்டாவில் ஒரு தந்தை

ஒரு தந்தையின் வார்த்தை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அன்னா சாண்டி என்ற கிறிஸ்தவப் பெண்மணி சட்டம் படித்தார். 1937-ல் அவரை முன்சீப்பாக நியமித்தார்கள். அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். பெண் ஒருவர் நீதிபதி ஆசனத்தில் அமர்வதே அன்று அதிசயம். இதை ஊரே வேடிக்கை பார்த்தது. பத்தனம்திட்டாவில் மீரா சாஹிப் என்ற முஸ்லிம் தந்தை மட்டும் வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணால் முடிந்தது என் மகளால் ஏன் முடியாது என்று நினைத்தார். அறிவியலில் மேல்படிப்புக்குப் போக இருந்த மகளைச் சட்டம் படிக்கும்படி திருப்பிவிட்டார்.

அந்த மகள்தான் பாத்திமா பீவி. 1950-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958-ல் முன்சீப். 1974-ல் மாவட்ட நீதிபதி. 1983-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 அக்டோபர் 6-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பதவி ஏற்றார். உச்ச நீதிமன்றம் தொடங்கி 39 ஆண்டுகள் எந்தச் சமுதாயத்துப் பெண்ணும் அமராத ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் ஒரு முஸ்லிம் பெண்! பின்னர் 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார். 2023 நவம்பரில் மறைந்தார்.

இதில் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பணி கொடுத்தது இந்து மன்னரின் அரசு. முன்மாதிரியாக நின்றவர் கிறிஸ்தவர். அதைப் பார்த்து மகளை அனுப்பியவர் முஸ்லிம். அன்னா சாண்டி தமக்காகத்தான் படித்தார். ஆனால் அவர் நடந்துபோன பாதை, முகம் தெரியாத ஒரு சிறுமிக்கும் பாதையாயிற்று. ஒரு பெண் முன்னேறினால் அது அவளோடு நின்றுவிடுவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு தந்தைக்கு அது தைரியத்தைக் கொடுக்கிறது.

செங்கோட்டையிலிருந்து சூரியனை நோக்கி

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1956 வரை அதே திருவிதாங்கூரோடு இருந்து பிறகு நம்மோடு இணைந்த ஊர் செங்கோட்டை. அங்கே அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு முஸ்லிம் பெண், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனார். 1987-ல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக நின்றவர் அவர்தான். பெயர் நிகர் ஷாஜி. 2024 ஜனவரி 6-ஆம் நாள் அந்தக் கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது.

அவருடைய தந்தை கணிதம் படித்துவிட்டு விவசாயம் பார்த்தவர். அந்த வீட்டில் படிப்புக்கு மதிப்பு இருந்தது. 1980-களில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பொறியியல் படிக்க அனுப்புவது சாதாரணமா? வட இந்தியாவில் ராஞ்சி வரை அனுப்பி மேல்படிப்பு படிக்க வைத்தார்களே, அது சாதாரணமா? ஊர் பேசியிருக்காதா? எந்த ஊர்தான் பேசாது!

மூன்று வகைத் துணை

சகோதரர்களே! ஒரு பெண் தன் தொழிலில் நிலைக்க மூன்று வகையான மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்.

முதலாமவர் முன்மாதிரி. 'முடியும்' என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டுபவர். நமக்கு இதில் பஞ்சமே இல்லை. மக்காவில் பெரும் வணிகராக இருந்து, ஷாம் நாட்டுக்குச் சரக்குக் கூட்டம் அனுப்பி, ஆண்களைக் கூலிக்கு அமர்த்தி வியாபாரம் செய்த கதீஜா (ரலி) அவர்களைவிட வேறு முன்மாதிரி வேண்டுமா? மீலாது மேடையில் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாமவர் வழிகாட்டி. தொழிலின் நெளிவு சுளிவைச் சொல்லிக் கொடுப்பவர். ஷிஃபா (ரலி) அவர்கள் நபியவர்களின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார்களே, அதுபோல. எந்தத் தேர்வு எழுதலாம், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், முதல் சம்பளத்தை எப்படிப் பேசுவது, மேலதிகாரி அநியாயம் செய்தால் யாரிடம் எழுத்தில் கொடுப்பது, இதையெல்லாம் எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. ஒரு பையனுக்கு இதைச் சொல்ல மாமா இருக்கிறார், டீக்கடை நண்பர்கள் இருக்கிறார்கள். பெண்ணுக்கு யார் இருக்கிறார்?

மூன்றாமவர் துணைநிற்பவர். இவர்தான் மூஸா (அலை) அவர்களின் வழியில் நிற்பவர். வழிகாட்டி அவளிடம் பேசுகிறார். துணைநிற்பவரோ அவள் இல்லாத சபையில் அவளுக்காகப் பேசுகிறார். "இந்த வேலையை அந்தப் பெண் செய்வாள், எனக்குத் தெரியும்" என்று பெயர் சொல்லிச் சொல்கிறார். கடினம் இதில்தான் இருக்கிறது. அறிவுரை சொல்வதற்குச் செலவில்லை. நம் பெயரை ஜாமீனாக வைத்துப் பேசினால்தான் செலவு. அதனால்தான் இங்கே ஆள் குறைகிறது.

நம் முன்னோரில் துணிந்தவர்கள் இருந்தார்கள். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955-ல் சென்னையில் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். கீழக்கரையில் பிறந்து கடல் கடந்து வணிகம் செய்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1988-ல் தம் ஊரிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியை நிறுவினார். பெருவணிகர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு வட்டாரத்தையே படிக்க வைக்க முடியும் என்று காட்டினார். அவர்கள் கல்லூரியின் வாசலைத் திறந்துவிட்டார்கள். அந்த வாசல் வழியாகப் பட்டத்தோடு வெளியே வரும் பெண் எங்கே போவாள்? அடுத்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது?

வியாபாரிகளே! அது உங்கள் இடுப்பில்தான் தொங்குகிறது.

வியாபாரிகளுக்கு

உங்கள் கடைக் கணக்கை யார் எழுதுகிறார்? ஜி.எஸ்.டி. கணக்கை மாதந்தோறும் யாரிடம் கொடுக்கிறீர்கள்? வெளியூர் ஆளுக்குக் கொடுக்கும் அதே பணத்தை உங்கள் தெருவில் பி.காம். முடித்துவிட்டு இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தால் என்ன? தர்மமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. வேலை வாங்குங்கள், ஆணுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை, தேதி தவறாமல் கொடுங்கள்.

பெண்களை வேலைக்கு வைத்தால் அதற்குரிய இடமும் வேண்டும். தனிக் கழிப்பறை இல்லாத கடையில் பெண் எப்படி எட்டு மணி நேரம் நிற்பாள்? கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 12 வாரமாக இருந்த பேறுகால விடுப்பை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. தொழுகையில் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் நாம், இந்தச் சட்டங்களையும் நேராகக் கடைப்பிடிக்க வேண்டாமா? தன் கடையில் வேலை செய்யும் பெண்ணின் கண்ணியத்தைக் காப்பதும் அமானிதம்தான்.

வாலிபர்களுக்கு

தம்பிகளே! சமுதாயத்திற்காக மறியலுக்கு வருகிறீர்கள், சுவரொட்டி ஒட்டுகிறீர்கள், ரத்தம் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் கூலி தருவான். உங்கள் தங்கைக்குத் தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் உடன் போய் வருவீர்களா? வேலைக்குப் போகும் மனைவி மாலையில் களைத்து வந்தால், சாப்பிட்ட தட்டையாவது நீங்களே கழுவி வைப்பீர்களா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தார் வேலையில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை நான் பயானில் சொன்னால் தலையாட்டுகிறீர்களே!

பெண் பார்க்கப் போகும்போது "படித்த பெண் வேண்டும்" என்கிறீர்கள். நிக்காஹ் முடிந்ததும் "வேலையை விட்டுவிடு" என்கிறீர்கள். இது என்ன நியாயம்? வேலை பற்றிய பேச்சை மஹர் பேசும்போதே வெளிப்படையாகப் பேசி முடித்துவிடுங்கள். அவள் சம்பாதித்தது அவளுக்குரியது. ஆணுக்கு அவன் சம்பாதித்ததில் பங்கு, பெண்ணுக்கு அவள் சம்பாதித்ததில் பங்கு என்ற கருத்தைக் குர்ஆன் (4:32) தெளிவாக வைத்திருக்கிறது. அவள் மனமுவந்து குடும்பத்திற்குக் கொடுத்தால் நன்றியோடு வாங்குங்கள். அதைப் பிடுங்கும் உரிமை கணவனுக்கு இல்லை.

ஜமாஅத்தார் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் வேலையில் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர், வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் பணிபுரிபவர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அவர்களை அழைத்து, பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரியும் படிக்கும் பெண்கள் முன் உட்கார வையுங்கள். நாம் சொற்பொழிவு செய்ய வேண்டாம். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்துவிட்டு, மூஸா (அலை) அவர்களைப் போல நிழலைப் பார்த்து ஒதுங்கி விடுவோம். மீதியை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

கடைசியாக, அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பைத்துல்மாலில் கையெழுத்துப் போட்ட மறுநாள், எங்கள் கடைத்தெருவில் மூன்று வியாபாரிகளிடம் போய் அவருக்காகப் பேசினேன். ஒருவர் சிரித்தார். இருவர் சம்மதித்தார்கள். இன்று அந்த இரண்டு கடைகளின் கணக்கும் அவர் கையில் இருக்கிறது. பைத்துல்மாலுக்கு அவரிடமிருந்து விண்ணப்பம் வருவதில்லை. சிரித்தவரும் போன மாதம் கணக்குப் புத்தகத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அவர் ஆடிட்டர் ஆகவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை என்னால் திருப்பித் தர முடியாது.

சகோதரர்களே! உங்களிடமும் ஒரு தந்தை வந்து கேட்பார். இந்த வாரமே வரலாம். அரை நிமிடத்தில் பதில் சொல்லி விடாதீர்கள்.

நம் சொல்லால் எவருடைய வழியும் அடைபடாமல் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.